மேயராக இருந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள்? சென்னை மாநகராட்சி பற்றி ஒரு விவாதம்

கூவம்கரை:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. சென்னை மேயராக இருந்து அரசியலில் மேலே வந்தவர் யார் என்று கேட்டால் எல்லோருக்கும் முதலில் வருவது ஸ்டாலின் பெயர்தான். 1996 அக்டோபரில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயர், 2001-ல் மறுபடியும் மேயர், 2006-ல் உள்ளாட்சித் துறை அமைச்சர், 2009-ல் துணை முதல்வர், 2021-ல் முதல்வர். அடுத்து மா.சுப்பிரமணியன். 2006 முதல் 2011 வரை மேயர், 2016-ல் சைதாப்பேட்டை எம்.எல்.ஏ., 2021-ல் சுகாதாரத் துறை அமைச்சர். சைதை துரைசாமி 2011 முதல் 2016 வரை மேயர், அதற்குப் பிறகு எந்தத் தேர்தல் பதவிக்கும் வரவில்லை.

1688-ல் தொடங்கிய மாநகராட்சி இது, இந்தியாவிலேயே பழையது. இவ்வளவு பெரிய ஊரின் மேயர் என்றால் மாநிலம் முழுக்கத் தெரிந்த தலைவராக வளர வேண்டாமா? ஏன் இரண்டு மூன்று பேரோடு பட்டியல் முடிந்துவிடுகிறது? கட்சிச் சண்டை வேண்டாம், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஏ.இ.:

தம்பி, உங்கள் பட்டியல் 1996-ல் தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய 23 வருடம் சென்னைக்கு மேயரே கிடையாது. 1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் என்று பெரிய பிரச்சினை கிளம்பியது. வேலைக்கே வராத ஆட்களின் பெயரை வருகைப் பதிவில் எழுதிக் கூலி எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மாமன்றத்தைக் கலைத்துவிட்டு தனி அதிகாரியை உட்கார வைத்தார்கள். கலைத்தது தி.மு.க. ஆட்சி, மாநகராட்சியும் தி.மு.க. கையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு எம்.ஜி.ஆர். வந்தார், கவர்னர் ஆட்சி வந்தது, மறுபடி கலைஞர், அப்புறம் ஜெயலலிதா, யாருமே சென்னைக்குத் தேர்தல் வைக்கவில்லை. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று ஆன பிறகுதான் 1996-ல் வைத்தார்கள்.

நான் மாநகராட்சியில் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) வேலைக்குச் சேர்ந்தபோது கவுன்சிலர் என்று யாரும் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் மனு கொண்டுவந்தால் வாங்கி, எண் போட்டு, குறிப்பு எழுதி மேலே அனுப்புவோம். அதோடு எங்கள் கடமை முடிந்தது. அவர் அடுத்த மாதமும் வருவார், அதே நாற்காலியில் உட்காருவார், நாங்களும் அதே பதிலைச் சொல்லுவோம். 1996-க்குப் பிறகு அதே மனு கவுன்சிலர் கையெழுத்தோடு வந்தது. மன்றக் கூட்டத்தில் கேள்வி கேட்பார் என்ற பயம் எங்கள் அதிகாரிக்கு வந்தது. வேலை உடனே நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வந்தது. ஆகவே உள்ளாட்சியில் அரசியல் பழகி மேலே வர வேண்டிய ஒரு முழுத் தலைமுறை இந்த ஊரில் வளரவே இல்லை. எழுபதுகளில் கவுன்சிலராகத் தொடங்கியிருக்க வேண்டிய பையன்கள் தொண்ணூறுகளில் நாற்பத்தைந்து வயதில் முதல் தேர்தலைப் பார்த்தார்கள்.

பூண்டி நீர்:

ஏ.இ. சார் சொன்னது மிகச் சரி. ஆனால் அதற்கு முன்னால் போய்ப் பாருங்கள், மேயர் பதவி எப்படிப்பட்ட ஆட்களைக் கொடுத்தது என்று தெரியும். மேயர் என்ற பதவி திரும்ப வந்தது 1933-ல், முதலில் வந்தவர் ராஜா சர் முத்தையா செட்டியார். அதற்கு முன் தலைவர் என்று இருந்தது. பிட்டி தியாகராயர் அந்தப் பதவியில் இருந்தபோதுதான் 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தார்கள். பின்னால் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோன திட்டத்தின் விதை அது. ஜே.சிவசண்முகம் பிள்ளை 1937-ல் மேயர், தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் சென்னை மேயர், பிறகு சட்டமன்ற சபாநாயகர். தாரா செரியன் 1956-ல், முதல் பெண் மேயர்.

எனக்கு மிகவும் பிடித்தவர் தீரர் சத்தியமூர்த்தி. 1939-ல் மேயர். அப்போது ஒரு வருடம்தான் பதவிக் காலம். ஊரே தண்ணீருக்குத் தவித்த நேரம். காங்கிரஸ்காரர், வெள்ளைக்கார அரசோடு எல்லா விஷயத்திலும் மோதியவர், அதே அரசிடம் போய் விடாமல் பேசி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்ட ஒப்புதல் வாங்கினார். 1940-ல் அடிக்கல். 1943-ல் அவர் இறந்துவிட்டார், 1944-ல்தான் அணை முடிந்தது. சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு நீங்கள் குழாயைத் திறந்து பிடிக்கும் தண்ணீரில் அந்த ஒரு வருடப் பதவியின் பங்கு இருக்கிறது. கோட்டைக்குப் போனாரா என்பதை வைத்து மேயரை அளப்பதே எனக்கு ஒப்பவில்லை.

கூவம்கரை:

@பூண்டி நீர், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு கேள்வி. சத்தியமூர்த்தி மேயர் ஆனதால் பெரிய ஆள் ஆனாரா, பெரிய ஆள் என்பதால் மேயராக இருந்து ஒரு அணையைக் கொண்டுவர முடிந்ததா? மத்திய சட்டசபையில் வெள்ளைக்காரனைத் திணறடித்தவர் அவர். காங்கிரஸ் முழுக்கத் தெரிந்த பெயர். கவர்னர் மாளிகையில் அவர் பேச்சுக்குக் கிடைத்த மதிப்பு மேயர் சங்கிலியால் வந்தது இல்லை.

ஸ்டாலின் விஷயத்திலும் இதுதான் என் வாதம். இதில் இயற்கையாகவே ஒரு சோதனை நடந்திருக்கிறது, பாருங்கள். 1996 முதல் 2001 வரை அவர் மேயர், கோட்டையில் அவருடைய அப்பா முதல்வர். சிங்காரச் சென்னை என்றார்கள், மாநகராட்சியே முன்னின்று மேம்பாலங்கள் கட்டியது, 2000-ல் ஓனிக்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனத்திடம் சில மண்டலங்களின் குப்பை வேலையைக் கொடுத்தார்கள். கேட்ட கோப்பு எல்லாம் நகர்ந்தது. 2001 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் 30 நள்ளிரவில் மேம்பால வழக்கில் கலைஞரைக் கைது செய்தார்கள், மேயராக இருந்த ஸ்டாலினும் கைதானார். அந்த வழக்கு பின்னால் யாருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. அக்டோபரில் தேர்தல், மக்கள் அவரையே மறுபடியும் மேயர் ஆக்கினார்கள். அதே ஆள், அதே நாற்காலி, அதே சட்டம். ஆனால் முதல் ஐந்து வருடத்தில் செய்ததில் ஒரு சிறு பங்கையாவது இரண்டாவது முறை செய்ய முடிந்ததா? இல்லை. அடுத்த வருடமே பதவியும் போய்விட்டது. அப்படியென்றால் அதிகாரம் அந்த நாற்காலியில் இருந்ததா, வேறு எங்காவது இருந்ததா?

சைதை மைந்தன்:

பதவி போய்விட்டது என்று பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2002-ல் ஒரே ஆள் எம்.எல்.ஏ.வாகவும் மேயராகவும் இருக்கக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் என்ன தப்பு? ஆயிரம் விளக்குத் தொகுதிக்கு எம்.எல்.ஏ., ஊருக்கே மேயர், கட்சியிலும் பதவி. ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? கொள்கையாகப் பார்த்தால் அது நல்ல சட்டம்.

கூவம்கரை:

கொள்கை நல்லதுதான் சார், நானும் ஏற்கிறேன். கொண்டுவந்த நேரமும் அதில் சிக்கிய ஆளும்தான் உறுத்துகிறது. தேர்தலுக்கு முன்னால் கொண்டுவந்து, இரண்டில் ஒன்றுக்குத்தான் நிற்கலாம் என்று சொல்லியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க முடியாது. மக்கள் ஓட்டுப் போட்டு முடித்த பிறகு, எதிர்க்கட்சி மேயர் உட்கார்ந்த பிறகு, சட்டத்தை மாற்றினால் அது யாருக்காக வந்தது என்று ஊருக்கே தெரியும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயும் அவர் மேயர் நாற்காலிக்குத் திரும்பவில்லை. துணை மேயராக இருந்த கராத்தே தியாகராஜன்தான் 2006 வரை பொறுப்பு மேயர்.

சைதை மைந்தன்:

நேரம் பற்றி நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. எந்தச் சட்டமும் யாராவது ஒருவரைப் பாதிக்கத்தான் செய்யும். சரி, அதை விடுங்கள், இதில் நம் இருவருக்கும் ஒத்துப்போகாது. நான் சொல்ல வந்தது வேறு. இரண்டில் ஒன்று போனபோது எம்.எல்.ஏ. பதவி அவரிடம் தங்கியது, மேயர் பதவி போனது. எந்தக் கட்சி அரசியல்வாதியைக் கேட்டாலும் எம்.எல்.ஏ. பதவியைத்தான் வைத்துக்கொள்வார். சென்னையில் பதினைந்து இருபது எம்.எல்.ஏ.க்களில் ஒருவராக இருப்பது ஊருக்கு ஒரே மேயராக இருப்பதைவிடப் பெரியது என்று அவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

எங்கள் துரைசாமி அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 சட்டமன்றத் தேர்தலில் கொளத்தூரில் ஸ்டாலினை எதிர்த்து நின்று மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றவர். அதே வருடம் அக்டோபரில் மேயர் தேர்தல், நேரடித் தேர்தல், எதிரில் நின்றவர் பதவியில் இருந்த மேயர் மா.சு. அண்ணன் ஜெயித்தார். ஊர் முழுக்க நின்று வாங்கிய ஓட்டு அது. ஐந்து வருடம் கழித்துக் கட்சியில் அந்த வெற்றிக்கு என்ன மதிப்பு இருந்தது? 2021-ல் சைதாப்பேட்டையில் அதே மா.சு.வை எதிர்த்து நின்றார், தோற்றார். மா.சு. அமைச்சரானார். ஒருவரை ஒருவர் ஒரு தடவை ஜெயித்த இரண்டு முன்னாள் மேயர்கள். மேயர் தேர்தலில் ஜெயித்தவருக்கு அது படியாக அமையவில்லை, சட்டமன்றத்தில் ஜெயித்தவருக்கு அமைந்தது.

கணக்கர்:

அம்மா உணவகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013 பிப்ரவரியில் ஆரம்பித்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். நடத்தியது சென்னை மாநகராட்சி. இடம், சமையல் ஆட்கள், அரிசிக் கணக்கு, நஷ்டம், எல்லாம் மாநகராட்சித் தலையில். ஆஸ்பத்திரி வாசலில் தட்டை வாங்கிச் சாப்பிட்டவர்களில் யாராவது இது மேயர் திட்டம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பெயர், படம், பெருமை எல்லாம் முதல்வருக்கு. இது ஒரு கட்சியின் குணம் மட்டும் இல்லை. மாநகராட்சி செய்யும் நல்லதுக்கு முதல்வர் பெயர், மழையில் தண்ணீர் நின்றால் மேயர் பெயர்.

புளியந்தோப்புப் பெண்:

எல்லோரும் பழைய மேயர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு வந்த பிரியா பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அவர் எங்கள் பகுதியில் இருந்து வந்தவர், 74-வது வார்டு. 28 வயதில் மேயர். இந்த ஊரின் முதல் தலித் பெண் மேயர், தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர். மார்ச் 4 அன்று சிவப்பு அங்கியும் சங்கிலியும் போட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்ததை டிவியில் பார்த்தபோது எங்கள் தெருவில் பெண்கள் அழுதார்கள், நானும் அழுதேன். வடசென்னை என்றால் ரவுடி, குப்பை, வெள்ளம் என்று மட்டும் காட்டியவர்கள் மத்தியில் அது எங்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஆகவே அந்தப் பதவியை வெறும் அலங்காரம் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் 2025 ஆகஸ்டில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுத்தார்கள். திரு.வி.க. நகர், அதாவது ஆறாவது மண்டலம், எங்கள் மண்டலம், மேயரின் மண்டலம். எங்கள் தெருவைப் பெருக்கும் அக்காமார்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். வேலை பறிபோகும், சம்பளம் குறையும் என்று பயம். அதில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். பேச்சுவார்த்தையில் மேயரும் இருந்தார், ஆனால் பேசி முடிவு சொன்ன இடத்தில் இருந்தவர்கள் அமைச்சர்கள். 13-வது நாள் நள்ளிரவு போலீஸ் வந்து எல்லோரையும் அப்புறப்படுத்தியது. காலையில் வழக்கமாக எங்கள் வாசலில் விசில் ஊதி நிற்கும் அக்கா இல்லை. வேறு சட்டை போட்ட வேறு ஆள் வந்தார், எந்த வீட்டில் எந்தப் பக்கம் குப்பைத் தொட்டி இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

எனக்கு மேயர் மேல் வருத்தம் இருக்கிறது, ஏனென்றால் அவரால் வெளியில் வந்து அந்தப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும். அவர் குரலுக்கு ஒரு எடை இருந்தது. ஆனால் முடிவு அவர் கையில் இருந்தது என்று நான் நம்பவில்லை.

ஓய்வுபெற்ற ஏ.இ.:

அம்மா, நீங்கள் சொன்னதற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது. மாநகராட்சியின் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். ஆணையர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குவார், தீர்மானம் நிறைவேற்றுவார், ஆய்வுக்குப் போவார். ஆணையருக்கும் மேயருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் ஆணையர் யாருக்குப் பதில் சொல்லுவார்? அவரை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான். மன்றம் போட்ட தீர்மானத்தையே நிறுத்தி வைக்கும் அதிகாரமும் அரசுக்கு இருக்கிறது. 1919-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் எலும்பு இது. இப்போது புதுச் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது, இந்த விஷயத்தில் பெரிய மாற்றம் இல்லை.

இன்னொன்று, எதெல்லாம் மேயரிடம் இல்லை என்று பாருங்கள். குடிநீரும் கழிவுநீரும் 1978-ல் தனி வாரியத்துக்குப் போய்விட்டன. நகரமைப்பு சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம். மின்சாரம் மின்வாரியத்திடம். போலீஸ் அரசிடம். சத்தியமூர்த்தி இன்றைக்கு மேயராக வந்தால் தண்ணீர் பற்றி ஒரு கோப்புகூட அவர் மேஜைக்கு வராது. பூண்டி ஏரியே மாநகராட்சிக்குச் சொந்தம் இல்லை.

பூண்டி நீர்:

இதைப் படித்து மனசு கனத்துப்போனது சார். உண்மை.

சைதை மைந்தன்:

அதனால்தான் சொல்கிறேன், நேரடித் தேர்தல் வேண்டும். ஊரே ஓட்டுப் போட்டு வந்த மேயர் என்றால் ஆணையர் கொஞ்சமாவது மதிப்பார். 1996-லும் 2001-லும் நேரடி. 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறை. 2011-ல் மறுபடி நேரடி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம், அதைக் கொண்டுவந்தது எங்கள் கட்சி, அதையும் நான் எதிர்த்தேன். எந்த ஆட்சி வந்தாலும் அவரவர் வசதிக்கு மாற்றுகிறார்கள். மறைமுகமாக வந்த மேயரைக் கட்சித் தலைமை ஒரு போன் போட்டு இறக்கிவிடலாம். 2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் ஒரே வாரத்தில் ராஜினாமா செய்தார்கள். இரண்டு ஊர் மக்களிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று வருடம்கூட முடியவில்லை, உள்ளூர்க் கவுன்சிலர்களோடு சண்டை, அதைத் தீர்க்கத் தலைமை எடுத்த வழி அது.

கணக்கர்:

கும்பகோணத்தை மறக்க வேண்டாம். 2022-ல் முதல் மேயர் ஆட்டோ ஓட்டுநர் சரவணன், காங்கிரஸ். நேரடித் தேர்தல் என்றால் ஊர் முழுக்கச் செலவு செய்து அவரால் நின்றிருக்க முடியுமா? மறைமுகத் தேர்தலால்தான் அது நடந்தது. இரண்டு பக்கமும் இருக்கிறது.

அனந்தபுரித் தமிழன்:

திருவனந்தபுரத்தில் இருந்து எழுதுகிறேன், இருபது வருடமாக இங்கேதான். இங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது இல்லை, கவுன்சிலர்கள்தான். ஆனால் மேயராக இருந்து மேலே போன ஆளைக் கண்ணால் பார்த்தேன். வி.கே.பிரசாந்த் 2015-ல் மேயர். 2019 ஆகஸ்டில் வடக்குக் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது மாநகராட்சி அலுவலகத்தில் அரிசி, போர்வை, மருந்து, நாப்கின் என்று மலை மாதிரி குவிந்தது, கல்லூரிப் பிள்ளைகள் இரவு முழுக்க நின்று பிரித்து லாரியில் ஏற்றினார்கள். மேயர் ப்ரோ என்று பெயர் வந்தது அப்போதுதான். இரண்டே மாதத்தில் வட்டியூர்க்காவு இடைத்தேர்தலில் நிறுத்தினார்கள், ஜெயித்தார். அவருடைய கட்சி அந்தத் தொகுதியில் ஜெயிக்கும் என்று இங்கே பலர் நம்பவில்லை, மேயராகச் செய்த வேலைக்கு விழுந்த ஓட்டு அது. அடுத்து 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன், 21 வயது, கல்லூரி மாணவி.

வித்தியாசம் தேர்தல் முறையில் இல்லை அண்ணா. 1996-ல் தமிழ்நாடு நேரடித் தேர்தல் வைத்த அதே வருடம் கேரளா மக்கள் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள், என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருந்தகம் எல்லாம் உள்ளாட்சியின் கீழே வந்தன. வார்டு சபையில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் குளத்தைத் தூர்வார வேண்டுமா, அங்கன்வாடிக்குக் கூரை போட வேண்டுமா என்று சண்டை போடுவார்கள், ஏனென்றால் சண்டை போட அங்கே காசு இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை, குப்பை விஷயத்தில் இங்கேயும் பெரிய தோல்விகள் உண்டு. ஆனால் ஒரு கவுன்சிலருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும், திட்டம் போடத் தெரியும், அதிகாரியிடம் வேலை வாங்கத் தெரியும். அவர்தான் பின்னால் எம்.எல்.ஏ. ஆகிறார்.

கூவம்கரை:

இந்தப் பதிவைப் படித்த பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. நேரடியா மறைமுகமா என்று நாம் முப்பது வருடமாகச் சண்டை போடுகிறோம், காசும் ஆணையரும் யார் கையில் என்று கேட்கவில்லை.

கணக்கர்:

காசு என்றதால் ஒன்று சொல்கிறேன். 2022 மார்ச் முதல் வாரம் மேயர்களும் கவுன்சிலர்களும் பதவியேற்றார்கள். ஒரு மாதம் முடிவதற்குள், ஏப்ரல் தொடக்கத்தில், சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு என்று அறிவிப்பு வந்தது. அறிவித்தது மாநில அரசு. மத்திய நிதிக் குழு நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள். உயர்த்தியது சரியா தப்பா என்பது வேறு விவாதம், பல வருடமாக உயர்த்தாமல் இருந்ததும் உண்மை. ஆனால் மாநகராட்சியின் சொந்த வரி அது. அதை எவ்வளவு உயர்த்துவது, எந்தப் பகுதிக்குக் குறைப்பது என்று மன்றத்தில் மூன்று மாதம் விவாதித்து மேயர் எழுந்து மக்களுக்கு விளக்கியிருந்தால், நன்றாகவோ கெட்டதாகவோ அவருக்கென்று ஒரு அரசியல் உருவாகியிருக்கும். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார்கள். வீடு வீடாகத் திட்டு வாங்கியது கவுன்சிலர்கள்.

அதோடு சம்பளம். மேயருக்கு மாதம் 30,000, கவுன்சிலருக்கு 10,000 மதிப்பூதியம் என்று வந்ததே 2023-ல்தான். அதற்கு முன் கூட்டப் படி மட்டும். 426 சதுர கிலோமீட்டர் ஊர், 200 வார்டு. சொத்து இல்லாத ஒருவர் முழு நேரமும் இந்த வேலையைச் செய்து நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்றால் எப்படி முடியும்? டெண்டர் எடுப்பவர் பக்கம் போகாமல் இருப்பதற்கு ஒரு கவுன்சிலருக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்?

புளியந்தோப்புப் பெண்:

பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் ஒரு கவுன்சிலருக்கு நான் போன் செய்தால் எடுப்பது அவர் வீட்டுக்காரர். "சொல்லும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்பார். அந்த அக்கா நேரில் பேசினால் விஷயம் எல்லாம் தெரிந்தவர், வார்டில் எந்த மூலையில் குழாய் உடைந்தது என்று பார்க்காமல் சொல்வார். அவருக்கு ஒரு அலுவலகமும் ஒரு உதவியாளரும் சொந்தப் போனும் மாநகராட்சியே கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்று, வார்டு ஒதுக்கீடு சுழற்சியில் மாறிவிடும். அடுத்த முறை அதே வார்டு பொதுவாகிவிட்டால் கட்சி அவருக்கு சீட் கொடுக்குமா? ஐந்து வருடம் கற்றுக்கொண்டது எல்லாம் அங்கேயே நின்றுவிடும். மேயர் பதவி ஒதுக்கீட்டுக்கும் இதே கதிதான். பிரியாவின் அடுத்த படி எது என்று கட்சியில் யாராவது யோசித்திருக்கிறார்களா என்று எனக்கு உண்மையாகவே கவலை.

சைதை மைந்தன்:

இது நான் யோசிக்காத கோணம் தங்கச்சி. எங்கள் கட்சியிலும் முன்னாள் பெண் கவுன்சிலர்கள் நிறையப் பேர் அப்படியே வீட்டோடு நின்றுவிட்டார்கள்.

பூண்டி நீர்:

ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர், பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவர். வடக்கே படேல் அகமதாபாத், நேரு அலகாபாத், சித்தரஞ்சன் தாஸும் பின்னால் சுபாஷ் போஸும் கல்கத்தா மேயர்கள். ஒரு நகரத்தின் சாக்கடையையும் குடிநீரையும் கவனித்தபடியே நாட்டைப் பற்றியும் பேசினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மாநில அரசுகள் எல்லாவற்றையும் மேலே இழுத்துக்கொண்டன.

வேளச்சேரி புதியவன்:

எல்லாவற்றையும் படித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன். ஏ.இ. சாரிடம் ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலில் சாக்கடை கலந்து நாற்றம் தாங்கவில்லை. கவுன்சிலரிடம் சொன்னால் அது குடிநீர் வாரியத்தின் வேலை என்கிறார், வாரியத்தில் கேட்டால் வடிகால் மாநகராட்சியுடையது என்கிறார்கள். இதற்கு யாரைப் பிடிப்பது?

ஓய்வுபெற்ற ஏ.இ.:

இருவர் சொல்வதும் உண்மை, அதுதான் சிக்கல். வடிகால் மாநகராட்சியுடையது, அதில் கலக்கும் கழிவுநீர் வாரியத்துடையது. முதலில் மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண் 1913-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள், வாரியத்திலும் தனியாக ஒரு எண் வாங்குங்கள். எந்த வீட்டு இணைப்பு வடிகாலில் விழுகிறது என்று தெரிந்தால் மேன்ஹோல் மூடி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் எடுத்தால் ஓட்டம் தெளிவாகத் தெரியும். அப்புறம் உங்கள் கவுன்சிலரிடம் இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்து மண்டலக் குழுக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கு மாநகராட்சி ஆட்களோடு வாரியப் பொறியாளரும் வருவார். இரண்டு பேரும் ஒரே மேஜையில் இருக்கும்போது கேட்டால் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட முடியாது. கூட்டக் குறிப்பில் பதிவாகச் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் செய்யுங்கள், அக்டோபர் வந்துவிட்டால் யாரும் தோண்ட மாட்டார்கள்.